புத்தகத்தில் இல்லாத கடல்

அந்த நாவலை நான் மூன்று முறை படித்திருக்கிறேன். படித்ததைவிட, படித்தேன் என்று சொல்லிக்கொண்டது அதிகம். அது சினிமாவாகி எங்கள் ஊர்த் தியேட்டருக்கு வந்தபோது அக்காவைக் கூட்டிப்போனதும் அந்தத் தலைக்கனத்தில்தான்.

அக்கா வீடு உழவர்கரையில். மாமா போன பிறகு அவளுக்கு இருந்தது ஒரே மகன். காலாப்பட்டுப் பக்கம் நண்பர்களோடு கடலில் குளிக்கப் போனவன் திரும்பவில்லை. உடலும் கரை ஒதுங்கவில்லை. இரண்டு வருடமாகியும் அவன் இறந்துவிட்டான் என்பதை அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. அவன் ஆன்மாவுக்காகச் சர்ச்சில் பூசை வைக்கலாம் என்று பங்குச் சாமியாரும் நானும் கெஞ்சிப் பார்த்தோம். "உயிரோட இருக்கறவனுக்கு எதுக்குப் பூசை?" என்று எழுந்து உள்ளே போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு மட்டும் வெளியே வருவாள். டவுனுக்குள் போக வேண்டியிருந்தால் கடல் கண்ணில் படாத தெருக்களாகப் பார்த்து நான் ஸ்கூட்டரில் கூட்டிப்போவேன்.

இப்படியே விட்டால் அவளும் போய்ச் சேர்ந்துவிடுவாள் என்று எனக்குப் பயம். இரண்டரை மணி நேரமாவது வேறு யாருடைய கதையையாவது பார்த்துக்கொண்டு உட்காரட்டுமே என்று நினைத்தேன்.

"அழுவுற படமாடா?" என்று கேட்டாள்.

"கொஞ்சம் சோகந்தான்க்கா. ஒரு வாத்தியாரு, அவரு பொண்டாட்டி, ரெண்டு பேருக்கும் ஒத்துவரல. அவ்ளோதான். நான் படிச்சிருக்கேன், நீ வா."

படித்திருந்தேன்தான். கதை தொடங்கும் முன்பே அந்தத் தம்பதியின் பிள்ளை காய்ச்சலில் செத்துப்போனதாக முதல் அத்தியாயத்தில் ஒரே ஒரு வரி வரும். அது எனக்குச் சுத்தமாக மறந்துபோயிருந்தது. வாத்தியார் மழையில் நடந்துபோகும் பக்கத்தை மனப்பாடமாகச் சொல்வேன், செத்த பிள்ளை நினைவில் இல்லை. என்ன படிப்போ!

சினிமாக்காரர்களுக்குக் காய்ச்சல் போதவில்லை போலிருக்கிறது, கடலாக்கிவிட்டார்கள். அந்த ஒரு வரி கால் மணி நேரம் ஓடியது. தேடும் படகுகள், கரை நெடுக ஓடும் தாய், கடைசியில் கரை ஒதுங்கிய உடல். இரண்டு வருடமாக நான் சுற்றுவழியில் போய்த் தவிர்த்த கடலை, டிக்கெட் எடுத்து அவள் முகத்துக்கு நேரே கொண்டுவந்து நிறுத்தியிருந்தேன்.

"அக்கா, எழுந்திரு, போவலாம்" என்று கையைப் பிடித்தேன்.

உதறினாள். "சும்மா குந்து."

கடைசிவரை பார்த்தாள். மகனின் கல்லறைமேல் சாய்ந்து அந்த நடிகை தேம்பித் தேம்பி அழுதபோது அரங்கமே மூக்கை உறிஞ்சியது. அக்கா கண்ணில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

வெளியே மதிய வெயில். ஸ்கூட்டரை எடுக்கும்போது, "மன்னிச்சுக்கக்கா, புக்குல கடலே கெடையாது" என்றேன். அந்த நேரத்திலும் புத்தகத்துக்கு வக்காலத்து வாங்கிய நாக்கை அறுத்துப் போடலாம்.

"அவளுக்குக் குந்தி அழுவ ஒரு எடம் இருக்குதுடா" என்றாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். பிறகு, "கல்லறத் தோட்டத்துல வெறும் பொட்டிய வெச்சுக் குழிய மூடலாமான்னு சாமியாரக் கேளு" என்றாள்.

இதற்காகத்தான் இரண்டு வருடம் காத்திருந்தேன். ஆனால் அவள் கேட்டதும், இல்லக்கா, அவன் வந்துடுவான் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. அவள் நம்பிக்கொண்டிருந்த தைரியத்தில்தான் நான் நம்பாமல் இருந்திருக்கிறேன்.

"சரிக்கா, கேக்கறேன்" என்று மட்டும் சொன்னேன்.

பின்னால் ஏறி உட்கார்ந்தவள் என் தோளைத் தொட்டாள்.

"காலிப் பொட்டிதானேன்னு சின்னதா செஞ்சுடப் போறாங்கடா. அவன் ஒசரத்துக்கே செய்யச் சொல்லு."