க்ளெனிஸ் பின்சீட்டில் ஏறிய நாள்

க்ளெனிஸுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. இந்த விஷயம் அவளுடைய ஐந்து அக்காமாருக்கும் கணவன் வெர்னுக்கும் மட்டும்தான் தெரியும். அவள் வேலை பார்ப்பது சைக்கிள் சுற்றுலா நடத்தும் இடத்தில் என்பதால் ஆறு பேரும் வெளியே வாயைத் திறப்பதில்லை.

தெரியாமல் போனதற்கு அவளைக் குறை சொல்ல முடியாது. கிளேர் பள்ளத்தாக்கின் தென்கோடியில், ஆபர்னில், தண்டவாளம் பழுதுபார்க்கும் அப்பாவுக்கு ஆறாவது பெண்ணாகப் பிறந்தாள். வீட்டில் இருந்தது ஒரே சைக்கிள். மூத்தவளுக்கு வாங்கியது. ஒவ்வோர் அக்காவும் அதில் பழகி, விழுந்து, வளைத்து, நிமிர்த்தி அடுத்தவளிடம் கொடுக்க, க்ளெனிஸின் முறை வந்தபோது சீட் இல்லை, ஒரு பெடல் இல்லை, முன்சக்கரத்தை அப்பா கழற்றித் தள்ளுவண்டியில் மாட்டியிருந்தார். மிச்சமிருந்தது மணி மட்டும். அதைக் கையில் பிடித்து அடித்துக்கொண்டே கொஞ்ச நாள் தெருவில் ஓடிப் பார்த்தாள். பிறகு சலித்துவிட்டது.

பதினேழு வயதில் கார் ஓட்டினாள். இருபத்தைந்தில் பள்ளிக்கூட பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தவள் இருபத்திரண்டு வருடம் இறங்கவில்லை. கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தால் கடைசி சீட்டில் சூயிங்கம் ஒட்டுகிற கை அப்படியே நிற்கும். இரண்டு பள்ளிகளை ஒன்றாக்கி அவளுடைய பஸ்ஸை நிறுத்தியபோது வயது நாற்பத்தேழு. அந்த வாரமே ஊர்க்காரி ரோண்டா போன் செய்தாள். ரோண்டா அப்போதுதான் சுற்றுலா நிறுவனத்தைத் தொடங்கியிருந்தாள். பழைய ரயில் பாதையில் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டுச் சைக்கிள் பாதை போட்டிருந்தார்கள். வழிநெடுகத் திராட்சைத் தோட்டம். ஆறு கிலோமீட்டர் மிதிப்பது, ஒயின் ருசிப்பது, இன்னும் ஆறு கிலோமீட்டர் கொஞ்சம் கோணலாக மிதிப்பது, இதுதான் சுற்றுலா.

"சைக்கிள்னா உனக்குப் பழக்கமா?" என்று ரோண்டா கேட்டாள்.

"எங்க வீட்ல சைக்கிள் இல்லாத நாளே கிடையாது" என்றாள் க்ளெனிஸ்.

அது பொய்யில்லை என்று அன்று இரவு வெர்னிடம் மூன்று முறை சொன்னாள்.

பெட்டிகளையும் தண்ணீரையும் மூன்றாவது ஒயின் பண்ணையைத் தாண்ட முடியாதவர்களையும் ஏற்றிக்கொண்டு வேன் ஓட்டுவது அவள் வேலை. பஞ்சரை நான்கு நிமிடத்தில் ஒட்டுவாள். பிரேக் சரியில்லை என்றால் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள். ஒன்றே ஒன்று, சரிபார்த்த சைக்கிளை அவள் ஓட்டிப் பார்க்க மாட்டாள். சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றிவிட்டு, "பிரமாதம்" என்பாள். நிறுவனச் சீருடையில் பஞ்சு வைத்துத் தைத்த சைக்கிள் டிராயர் இருந்தது. வேன் சீட்டில் அதைப் போட்டுக்கொண்டு உட்கார்வதைப் போல ஒரு சுகம் உலகத்தில் இல்லை என்பது அவள் கருத்து. "நீங்க எங்ககூட ஓட்டலியா?" என்று யாராவது கேட்டால், "முட்டி வலி" என்பாள். வசந்தத்தில் இடது முட்டி, இலையுதிர் காலத்தில் வலது.

ஒயினும் அவள் குடிப்பதில்லை. ஒருமுறை ஒரு பண்ணையில் பத்து வருடம் கிடந்த ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயினை வற்புறுத்தி முகரக் கொடுத்தார்கள். "டீசல் டாங்க் மூடியத் தொறந்தா வருமே, அந்த வாசன" என்றாள் பஸ்ஸை நினைத்து. ஒயின் செய்தவர் எழுந்து நின்று அவள் கையைக் குலுக்கினார். நல்ல பழைய ரீஸ்லிங்குக்கு அந்த வாசனைதான் அடையாளமாம். அன்றிலிருந்து அவளைப் பெரிய நிபுணர் என்று நினைத்துக்கொண்டார்கள். அவள் மறுக்கவில்லை. மறுக்க ஆரம்பித்தால் எங்கே போய் நிற்கும் என்று யாருக்குத் தெரியும்?

இப்படிப் பதினோரு வருடம் ஓடியது. அந்த அக்டோபரில், வசந்தத்தின் நடுவில்தான், பலராட் என்ற ஊரிலிருந்து ஒரு பாட்டுக்குழு வந்தது.

எட்டுப் பேர். எல்லாரும் அறுபதைத் தாண்டியவர்கள். நடத்துபவர் நெவில், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். சைக்கிளில் போகும்போதும் ஒரு கையால் தாளம் போடுவார். பெரில் என்பவர் குழுவின் உச்சக்குரல். அவரும் கணவர் ஆம்புரோஸும் இரண்டு பேர் மிதிக்கிற நீளச் சைக்கிளில் வந்தார்கள். முன்னால் பெரில், பின்னால் ஆம்புரோஸ்.

அவர்களுக்கு ஒரு பந்தயம் இருந்தது. பக்கத்து ஊர்ப் பாட்டுக்குழு போன வருடம் இதே பாதைக்கு வந்து ஏற்றத்தில் இறங்கிச் சைக்கிளைத் தள்ளியிருக்கிறது. பலராட்காரர்கள் எந்த இடத்திலும் தள்ளாமல் முடித்துக் காட்டுவதாகச் சவால் விட்டிருந்தார்கள். தோற்றால், அந்தக் குழுவின் தலைவர் இயற்றிய, ஆட்டு ரோமத்தைப் பற்றிய நாற்பது நிமிடப் பாட்டை இவர்கள் கிறிஸ்துமஸுக்கு முழுக்கப் பாட வேண்டும்.

"நாற்பது நிமிஷத்துல இருபது நிமிஷம் 'மே'ன்னு கத்தணும்" என்றார் நெவில். அவர் சிரிக்கவில்லை.

இரண்டாம் நாள் பகல் பன்னிரண்டு மணி. க்ளெனிஸ் வேனை ஒரு பண்ணையில் நிறுத்திச் சாப்பாட்டுக்கு மேசை போட்டுக்கொண்டிருந்தாள். வழிகாட்டி கோரியிடமிருந்து போன் வந்தது. கோரி கட்டுமஸ்தான ஆள். மலைச் சைக்கிள் போட்டிகளில் கோப்பைகள் வாங்கியவன். அவன் குரல் இப்போது கீச்சென்று இருந்தது.

"க்ளெனிஸ், உடனே வாங்க. டக்ளஸ் முட்ட வச்சிருக்கான்."

"அவன் எப்பிடிடா வைப்பான்? அவன் பொண்டாட்டி வச்சிருப்பா."

"யார் வச்சா என்னங்க! என் காதக் கடிச்சிட்டான். விழுந்து மணிக்கட்டு வீங்கிப்போச்சு. நான் திராட்சக் கொடிக்குக் கீழ படுத்திருக்கேன். பாட்டுக்காரங்க அவன் மரத்தத் தாண்ட முடியாம மாட்டிக்கிட்டாங்க."

டக்ளஸ் ஒரு மேக்பை பறவை. கறுப்பும் வெள்ளையுமாக, கோழியில் பாதி இருப்பான். வசந்தத்தில் கூட்டில் முட்டை இருந்தால் அந்த மரத்தடியில் போகிற சைக்கிள்காரர்கள் அத்தனை பேரும் அவனுக்குத் திருடர்கள்தான். பின்னாலிருந்து சத்தமில்லாமல் வந்து தலையில் அடிப்பான். பயந்துகொண்டு எல்லாரும் ஹெல்மெட்டில் பிளாஸ்டிக் பட்டைகளை முள்ளம்பன்றி மாதிரி செருகிக்கொள்வார்கள். டக்ளஸ் அவற்றைப் பிடுங்கிக் கூட்டுக்கு எடுத்துப் போவான்.

ஆனால் க்ளெனிஸை அவன் ஒன்றும் செய்ய மாட்டான். ஆறு வருடம் முன்பு திராட்சைக்குப் போட்ட வலையில் கால் சிக்கித் தொங்கிக்கொண்டிருந்தவனை அவள்தான் கத்தரித்து விட்டாள். அன்றிலிருந்து காலை நடைக்குப் போகும்போது ஒரு டப்பாவில் கொத்துக்கறி எடுத்துப் போகிறாள். மேக்பை ஒரு முகத்தைப் பார்த்துவிட்டால் மறக்காது.

அவள் டப்பாவோடு குறுக்கு வழியாக நடந்து போய்ச் சேர்ந்தபோது, பாட்டுக்குழு ஒரு வேலியோரம் ஒண்டிக்கொண்டிருந்தது. ஆம்புரோஸ் மட்டும் தரையில் உட்கார்ந்து பாலாடைக்கட்டி தின்றுகொண்டிருந்தார். அவர் வழுக்கையில் ஒரு பிளாஸ்திரி.

"எல்லாரும் இறங்கித் தள்ளிக்கிட்டு நடந்தீங்கன்னா அவன் கண்டுக்க மாட்டான்" என்றாள் க்ளெனிஸ்.

"தள்ளறதா?" என்றார் நெவில். எட்டுப் பேர் முகத்திலும் ஆட்டு ரோமம் தெரிந்தது. "அது மட்டும் நடக்காது. அந்தப் பறவைக்கு உங்களத் தெரியுமாமே, கோரி சொன்னாரு. அப்ப நீங்க ஒரு சைக்கிள எடுத்துக்கிட்டு முன்னால போங்க. நாங்க பின்னாலயே வந்துடறோம்."

"முட்டி..." என்றாள் க்ளெனிஸ்.

"நானூறு மீட்டர்தாம்மா. எறக்கம் வேற."

கோரியும் கொடிக்குக் கீழிருந்து தலையை நீட்டி, "என் சைக்கிள எடுத்துக்குங்க" என்றான்.

எட்டுப் பேரும் பார்த்தார்கள். பஸ் கண்ணாடியில் அவள் பிள்ளைகளைப் பார்த்த பார்வையோடு இப்போது மற்றவர்கள் அவளைப் பார்த்தார்கள். பதினோரு வருடமாகத் தொண்டையில் நின்றது வெளியே வந்துவிட்டது.

"எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது."

மரத்து மேலே டக்ளஸ் ஒரு வரி பாடினான்.

"கால் சுருதி கம்மியாப் பாடறான்" என்றார் நெவில்.

முதலில் தெளிந்தவர் பெரில். "தெரியாட்டி என்ன? எங்க வண்டில பின்னால ஏறுங்க. ஓட்டவே வேணாம், உக்காந்தாப் போதும். ஆம்புரோஸ், நீ நடந்து வா."

"சந்தோஷமா" என்றார் ஆம்புரோஸ். அவர் எழுந்திருக்கக்கூட இல்லை.

இப்படியாக ஐம்பத்தெட்டாவது வயதில் க்ளெனிஸ், ஆம்புரோஸின் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, முதன்முதலாகச் சைக்கிளில் ஏறினாள். ஒரு கையால் சீட்டைப் பிடித்துக்கொண்டாள். மறுகையில் கொத்துக்கறி டப்பாவை உயர்த்திப் பிடித்தாள். பழக்க தோஷத்தில், "எல்லாரும் உக்காந்தாச்சா?" என்று பின்னால் திரும்பிக் கேட்டாள். பெரில் மிதித்தார். வண்டி நகர்ந்தது. க்ளெனிஸின் வலது கால் பிரேக்கைத் தேடியது. அங்கே பிரேக் இல்லை. கை ஸ்டியரிங்கைத் தேடியது. முன்னாலிருந்த கம்பி திரும்பவே திரும்பாது.

"பெரில், இதுல எனக்கு எதுவுமே இல்லியே!"

"பெடல் இருக்குல்ல!"

டக்ளஸ் மரத்திலிருந்து இறங்கினான். பின்னால் வந்த ஆறு பேரும் தலையைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டார்கள். அவன் நேராக வந்தான், சிறகைச் சாய்த்து க்ளெனிஸின் முகத்தைப் பார்த்தான். பிறகு அவள் ஹெல்மெட்டின் மேல் உட்கார்ந்து டப்பாவில் கழுத்தை நீட்டினான்.

"யாரும் பயப்படாதீங்க, பாடுங்க!" என்று கத்தினார் நெவில். "பாடினா சாந்தமாயிடுவான்!"

குழு ஸ்வரம் பாட ஆரம்பித்தது. டக்ளஸ் வாயில் கறியோடு பதில் பாடினான். திராட்சை வரிசையில் வேலை செய்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். முன்னால் ஒரு நீளச் சைக்கிள், அதன் பின்சீட்டில் கண் பிதுங்கிய ஒரு அம்மாள், அவள் தலையில் பறவை, பின்னால் ஒரு கையால் தாளம் போடும் கிழவர், அவருக்குப் பின்னால் ஸ்வரம் பாடும் ஐந்து முள்ளம்பன்றிகள்.

டக்ளஸின் எல்லை ஒரு பழைய சிக்னல் கம்பத்தோடு முடிந்தது. அங்கே அவன் எழும்பிப் பறந்துபோனான். எல்லாம் அதோடு நல்லபடியாக முடிந்திருக்கும். ஆனால் பெரிலுக்கு ஒரு பழக்கம் இருந்தது. உச்ச ஸ்வரம் பிடிக்கும்போது கண்ணை மூடிக்கொள்வார். பண்ணைக்குத் திரும்பும் வளைவு வந்த நேரத்தில்தான் பாட்டு உச்சத்துக்கு வந்தது.

"திருப்புங்க! எடது பக்கம் திருப்புங்க!" என்று அலறினாள் க்ளெனிஸ்.

"ஆ...ஆ...ஆ" என்றார் பெரில்.

வண்டி நேரே போனது. பண்ணை முற்றத்தைச் சுற்றிக் கட்டியிருந்த தாழ்ந்த கயிற்றை அறுத்தது, கிளாஸோடு நின்ற இரண்டு பேருக்கு நடுவில் நுழைந்தது, கொடிகளுக்கு அடியில் பரப்பக் குவித்து வைத்திருந்த வைக்கோலுக்குள் முன்பாதிவரை புகுந்து நின்றது. ஒயின் ருசிக்க வந்திருந்தவர்கள், இதுவும் சுற்றுலாவில் ஒரு பகுதி போலிருக்கிறது என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

வைக்கோலில் போய் விழுந்த க்ளெனிஸ் எழுந்து உட்கார்ந்தாள். எதிரே ரோண்டா நின்றுகொண்டிருந்தாள். கோரிக்கு அடிபட்டதைக் கேட்டு ஓடி வந்தவள், கோரியிடம் போனில் மிச்சத்தையும் கேட்டுவிட்டாள்.

"பதினோரு வருஷமா?" என்றாள்.

"ஆமா."

"உன்னப் பத்தி இணையத்துல 'பிறவிச் சைக்கிள்காரி'ன்னு போட்டிருக்கேன் க்ளெனிஸ்."

"அத நான் எழுதலியே."

"அப்ப அந்த முட்டி வலி?"

"கிடையாது."

"ரெண்டு முட்டியுமேவா?"

"இப்ப ரெண்டும் வலிக்குது" என்றாள் க்ளெனிஸ், தலையிலிருந்து வைக்கோலை எடுத்தபடி.

ரோண்டா உதட்டைக் கடித்துக்கொண்டு வேன் பின்னால் போனாள். கோபத்தில் போகிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். வேன் குலுங்கியதைப் பார்த்த பிறகுதான் அவள் சிரிப்பது தெரிந்தது. ஆனால் வெளியே வந்தபோது முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, "இத நாளைக்குப் பேசிக்கலாம்" என்றாள். மறுநாளும் பேசவில்லை, அடுத்த நாளும் பேசவில்லை. க்ளெனிஸ் வேலை போய்விட்டதென்றே நினைத்து, பஞ்சு டிராயரைத் துவைத்து மடித்து வைத்தாள்.

அன்று பகல் சாப்பாட்டு மேசையில் பந்தயத்தைப் பற்றிப் பெரிய வழக்கு நடந்தது. ஆட்டுக்கறி வைத்துச் சுட்ட அப்பம் ஆறிக்கொண்டிருந்தது. ஆம்புரோஸ் நடந்து வந்தாரே, அப்படியானால் தோற்றது மாதிரிதானே என்று ஒருவர் கேட்டார். நெவில் முட்கரண்டியைக் கீழே வைத்தார். "ஆம்புரோஸ் நடந்தாரு. ஆனா சைக்கிள் நடக்கல. பந்தயம் சைக்கிளப் பத்தித்தான்" என்று தீர்ப்புச் சொன்னார். பக்கத்து ஊர்க்காரர்கள் இதை இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை என்று கேள்வி.

நான்காம் நாள் ரோண்டா வந்தாள். வேலையை விடச் சொல்லவில்லை; ஞாயிற்றுக்கிழமை கால்பந்து மைதானத்துக்கு வரச் சொன்னாள். மூன்று ஞாயிறு சொல்லிக்கொடுத்தாள். க்ளெனிஸ் முதல் வாரம் ஒரு குப்பைத் தொட்டியையும், இரண்டாம் வாரம் அதே குப்பைத் தொட்டியையும், மூன்றாம் வாரம் ரோண்டாவையும் இடித்தாள். அதோடு விட்டுவிட்டார்கள். இணையத்தில் அவளைப் பற்றி இருந்த வரியை ரோண்டா அழித்துவிட்டு, "பறவைப் பாதுகாப்பு" என்று எழுதினாள். அடுத்த வசந்தத்தில் முன்பதிவு செய்தவர்களில் பாதிப் பேர், தலையில் பறவை உட்காரும் அம்மாள் வருவாளா என்றுதான் முதலில் கேட்டார்கள். ரோண்டா ஒரு நீளச் சைக்கிள் வாங்கிப் போட்டாள். சீசனில் க்ளெனிஸ் தினமும் கோரிக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்து நானூறு மீட்டர் போய்வருகிறாள். பாட மாட்டேன் என்று கோரி எழுதிக் கொடுத்திருக்கிறான்.

சீசன் முடிந்ததும் அந்த வண்டியை வீட்டுக்கு எடுத்துப் போக ரோண்டா அனுமதித்தாள். ஒரு சாயங்காலம் வெர்ன் முன்னால், க்ளெனிஸ் பின்னால். சுற்றுலாக் கூட்டமெல்லாம் போய்ப் பாதை காலியாக இருந்தது. முப்பத்து நான்கு வருடமாக அவள் இந்தப் பள்ளத்தாக்கில் பஸ்ஸும் வேனும் ஓட்டியிருக்கிறாள். அத்தனை வருடமும் பார்த்தது முன்னால் வரும் சாலையையும் கண்ணாடியில் தெரியும் தலைகளையும்தான். பக்கவாட்டில் இவ்வளவு இருக்கிறது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு தோட்டத்தில் கங்காரு ஒன்று வரிசை நடுவில் நின்று இவர்களையே பார்த்தது. அவளும் கழுத்து வலிக்கும்வரை அதைத் திரும்பிப் பார்த்தாள்.

வெர்ன் மூச்சு வாங்க ஏற்றத்தில் மிதித்துக்கொண்டிருந்தான். "ஏய், நீ மிதிக்கிறியா இல்லியா?"

"மிதிக்கிறேன், மிதிக்கிறேன்" என்றாள் க்ளெனிஸ், தானாகச் சுற்றும் பெடல்களின் மேல் பாதங்களைச் சும்மா வைத்துக்கொண்டு.