எண்ணெய் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை

துபாய்ப் பக்கம் அல் ஐனில் நான் வேலை பார்த்த லேடீஸ் சலூனில் ஸ்ப்ரே டேன் என்றால் நான்தான். வெள்ளைக்காரப் பெண்கள் உடம்பெல்லாம் சாயம் அடித்துக்கொண்டு மாநிறமாகிப் போவார்கள். ஊரில் மூன்று மாப்பிள்ளை வீட்டார் என்னை வேண்டாம் என்றதும் இந்த நிறத்துக்காகத்தான். அதையே காசு கொடுத்து வாங்குகிறார்களே, வயிறு எரியாதா?

அடிப்பது பெரிய வித்தை இல்லை. அப்புறம் பார்த்துக்கொள்வதில்தான் எல்லாம் இருக்கிறது. எட்டு மணி நேரம் தண்ணீர் படக் கூடாது. தொளதொளவென்றுதான் உடுத்த வேண்டும். குளித்தால் துண்டால் ஒற்றலாம், தேய்க்கக் கூடாது. தினமும் எண்ணெய் கலக்காத லோஷன். அப்படியிருந்தால் ஒரு வாரம் திட்டுத் திட்டாகாமல் நிற்கும்.

இரண்டு வருடமாக என்னிடமே வந்துகொண்டிருந்த ஒரு வெள்ளைக்கார டீச்சர், கல்யாணப் பெண்ணான தன் தங்கையை அழைத்து வந்தார். நான் மிஷினை எடுத்துவிட்டேன். தங்கைக்காரி, புதிதாகச் சேர்ந்த பொள்ளாச்சிப் பெண்ணைக் காட்டி, அவள் செய்யட்டும் என்றாள். அந்தப் பெண் நல்ல சிவப்பு. கறுப்பாவதற்கும் சிவத்தவள் கைதான் வேண்டுமாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வேலை முடிந்ததும், தோல் வறண்டால் ராத்திரி என்ன போடுவது என்று தங்கைக்காரி கேட்டாள். பொள்ளாச்சிக்காரிக்கு வேறென்ன தெரியும்? "கோகனட் ஆயில், மேடம். நல்லா தேய்ங்க" என்றாள். எண்ணெய் பட்டால் சாயம் பிய்ந்து வரும் என்பதை நான் அவளுக்கு இன்னும் சொல்லித் தந்திருக்கவில்லை. பக்கத்திலேயே துண்டு மடித்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. நல்லா அனுபவிக்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

கல்யாணத்துக்கு முந்தைய நாள் இருவரும் திரும்பி வந்தார்கள். கழுத்தும் கையும் தேமல் விழுந்த மாதிரி இருந்தன. தங்கைக்காரி அழுதாள். மேனேஜர் என்னிடம் பாய்ந்தார்: "இவளுக்கு நீ சொல்லித் தரவில்லையா?"

நான் வாய் திறப்பதற்குள் பொள்ளாச்சிக்காரி முந்திக்கொண்டாள். "அக்கா சொல்லித்தானுங்க குடுத்தாங்க. நான்தான் மறந்துட்டேன்."

"கலாஸ், முடிந்தது," என்றார் மேனேஜர் அவளிடம். "நீ ஊருக்குக் கிளம்பு."

பழைய சாயத்தைத் தேய்த்தெடுத்து, மணப்பெண்ணுக்கு நானே மறுபடி அடித்தேன். நாங்கள் தங்கியிருந்த அறைக்கு வந்தபோது பொள்ளாச்சிக்காரி பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி பொய் சொன்ன?"

"நான் எண்ணெய்னு சொன்னப்ப நீங்களும் கேட்டுட்டுத்தானுங்களே நின்னீங்க? அது தெரிஞ்சா உங்க வேலையும் போயிருமுங்க்கா."