அங்கோர்வாட்டில் ஒரு மணிச் சாப்பாடு

என் மனைவி தாம்பரத்தில் ஒரு பள்ளியில் முப்பது வருஷம் வரலாறு நடத்தினாள். வருஷா வருஷம் கரும்பலகையில் அங்கோர்வாட் கோயிலை வரைவாள். நேரில் பார்த்ததில்லை. ரிட்டயர் ஆன பிறகுதான் இருவரும் கம்போடியாவுக்குப் போனோம். மூன்று வேளையும் நம்மூர்ச் சாப்பாடு என்று டூர்காரர் உறுதி சொன்னதால்தான் நான் சம்மதித்தேன்.

மாமல்லபுரத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போனால் கயிற்றுத் தடுப்பும் காவலாளியின் விசிலும்தான் அவளுக்குப் பழக்கம். அங்கோர்வாட்டிலோ டிக்கெட்டைக் காட்டியதோடு சரி. எந்த வாசலில் நுழைகிறாய், எந்தப் படியில் உட்காருகிறாய் என்று கேட்க ஆளில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சின்னப் பெண்போல ஓடினாள்.

"ஏங்க, ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாங்க!"

சொல்லத்தான் நான் இருந்தேனே.

பன்னிரண்டரைக்கு அருகில் வந்து, "பின்பக்கச் சுவர்லதாங்க பாற்கடல் கடையற சிற்பம் இருக்கு. அதுக்குத்தான் வந்தேன். கொஞ்ச நேரம்" என்றாள். ஒரு மணிக்குச் சாப்பாடு. பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். எனக்குப் பசி வருவதற்கு முன்பே பறந்துவிடும். "கல்லு எங்கயும் ஓடிடாது. பஸ் போயிடும், கிளம்பு!" என்று எல்லார் எதிரிலும் கத்தினேன். செருகிய புடவையை இறக்கிவிட்டுக்கொண்டு வந்து பஸ்ஸில் ஏறினாள். வேறொரு தம்பதி வரவில்லை என்று அந்த பஸ் அங்கேயே அரை மணி நேரம் நின்றது. அப்போதாவது நான் 'போய்ப் பார்த்துவிட்டு வா' என்று சொல்லியிருக்கலாம். வீம்பு. சாம்பாரில் சர்க்கரை போட்டிருந்தார்கள். மறுநாள் ஊர் திரும்பினோம்.

அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை குத்திக்காட்டியதில்லை. அப்போதே சண்டை போட்டிருந்தால் இன்று இவ்வளவு வலிக்காது.

போன மாதம் நெஞ்சுவலி. ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே போய்விட்டாள். கீழ்க்கட்டளையில் எங்கள் கீழ்வீட்டுப் பெண் துக்கம் கேட்க வந்து என் எதிரில் உட்கார்ந்து அழுதாள்.

"அக்கா அந்தப் பாற்கடல் செவுத்தப் பத்தி சொல்லிக்கினே இருப்பாங்க சார். தேவருங்க ஒரு பக்கம், அசுரருங்க ஒரு பக்கம், நடுவுல பாம்பு... கேட்டா நாமளே பாத்த மாரி இருக்கும். நீங்கதான் பஸ்ஸ நிக்க வெச்சிட்டு, கையப் புடிச்சுக் கூட்டிக்கினு போயி காட்டினீங்களாமே? இந்த மாரி புருஷன் யாருக்கு சார் கெடைப்பான்?"

ஆமாம் என்று தலையாட்டினேன். நாங்கள் அந்தப் பக்கம் போகவே இல்லை. கடைசிவரை யாரிடமும் என்னை விட்டுக்கொடுக்காமலே போய்விட்டாள், பாவி.