பிரிஜ்ஜுக்குப் பின்னால ஒரு மூலை

பீர் போட என்னென்ன வேணும்னு போன்ல தேடிப் படிச்சேன். மூடி போட்ட வாளி, மால்ட் கூழு, ஈஸ்ட், பொறுமை. பொறுமை மட்டும் பார்சல்ல வரல.

மலை மேல இருக்கிற எங்க தேயிலை எஸ்டேட்டு லயத்து வீட்டுல பொழுது சாஞ்சா ஒடம்பு வெடவெடக்கும். எல்லாத்தையும் கலக்கி வச்சு நாலு நாளாகியும் வாளியில ஒரு குமிழி இல்ல. "ஆம்பளைங்க சமையல் இப்படித்தான் லா"ன்னு என் பொஞ்சாதி சிரிச்சா. எனக்குச் சுர்ருனு ஏறிடுச்சு. இருபது வருஷமா பேக்டரியில சூடு பாத்துக் கொழுந்து வாட்டுறவன் நான், எனக்கே நக்கலா?

வீட்டுல கதகதப்பான எடம் ஒண்ணே ஒண்ணுதான். பிரிஜ்ஜுக்குப் பின்னால, மோட்டார் சூடு அடிக்கிற மூலை. அது அவளோட ராஜ்ஜியம். இந்தக் குளிருல தோசை மாவு பொங்கணும்னா பழைய ஸ்வெட்டரைச் சுத்தி அங்கதான் வைக்கணும்.

அந்த வெள்ளிக்கிழமை மாவை ரொம்பக் கவனமா ஆட்டி வச்சா. தானா ராத்தா டவுன்ல சாப்பாட்டுக் கடை வச்சிருக்கிற அண்ணன் ஒருத்தரு மறுநாள் காலையில ருசி பாக்க வர்றாரு. புடிச்சிருந்தா தினமும் கடைக்கு இவ மாவுதான். ரெண்டு வருஷமா அவருகிட்ட கேட்டுக்கிட்டே இருந்தா. எனக்கும் தெரியும். தெரிஞ்சும், அவ படுக்கப் போனதும் மாவுச் சட்டியை வெளிய நகத்திட்டு என் வாளியை உள்ள வச்சேன். ஸ்வெட்டரையும் உருவிக்கிட்டேன். அவ எந்திரிக்கிறதுக்குள்ள மாத்திடலாம்னு நெனப்பு.

வெள்ளன எந்திரிச்சுப் பாத்தா வாளி குளுக் குளுக்குனு பேசுது. மாவு? பொங்காம வச்சது வச்சபடி கெடக்கு. அலாமா! மிச்சமிருந்த பீர் ஈஸ்ட்டை வெதுவெதுப்பான தண்ணியில கரைச்சு மாவுல ஊத்திக் கலக்கி, வாளியைத் தள்ளிட்டுச் சட்டியை மறுபடி மூலையில வச்சிட்டு, நல்ல புள்ளையாட்டம் போர்வைக்குள்ள பூந்துக்கிட்டேன்.

எட்டு மணிக்கு மாவு சட்டியைத் தாண்டித் தரையில ஊந்துக்கிட்டு இருந்துச்சு. கடைக்கார அண்ணன் நாலு தோசை தின்னாரு. "பிரமாதம் தங்கச்சி! திங்கக்கெழமையே அனுப்பிடு லா." அப்பாடானு மூச்சு விட்டேன். அவ ஒரு விள்ளல் வாயில போட்டா. என்னைப் பாத்தா.

"இது என் மாவு இல்லண்ணே. இவரு என்னத்தையோ கலந்திருக்காரு. நாளைக்கு வாங்க, என்னோடதைச் சுட்டுத் தரேன்."

எனக்கு நாண்டுக்கிட்டுச் சாகலாம் போல இருந்துச்சு. அவரு போன பெறகு அவ மறுபடியும் அரிசியும் உளுந்தும் ஊறப் போட்டா. திட்டியிருந்தாத் தேவலை. வாளியை நானே தூக்கி வாசல் குளிர்ல வச்சேன். புதுசா ஆட்டின மாவுக்கு என்னோட நல்ல ஸ்வெட்டரைச் சுத்தி, பக்கத்துலயே காவல் இருந்தேன்.

ஞாயித்துக்கெழமை அவரு ரெண்டே தோசைதான் தின்னாரு. கையைக் கழுவிட்டு வந்து சொன்னாரு: "நேத்து தின்னது சோக்கா இருந்துச்சு. ஆனா இதைத்தான் தெனமும் திங்க முடியும். அனுப்பு."

பீர் அப்புறம் எந்திரிக்கவே இல்ல. நானும் அந்தப் பேச்சை எடுக்கல. ரெண்டு மாசம் கழிச்சு மாவு வைக்க எடம் பத்தலன்னு, ரிங்லெட் டவுன்ல ஒரு பழைய பிரிஜ்ஜை வாங்கி லோரியில ஏத்திக்கிட்டு வந்தா. எறக்கி வச்சு சுவிச்சைப் போட்டதும் என்னைக் கூப்புட்டா.

"இதோட பின்பக்கம் உங்க வாளிக்கு. என் பக்கம் வந்தீங்க, கையை ஒடைச்சிடுவேன்."