ஆறாம் ஸ்தலத்துத் துணி

பெரிய மார்க்கெட்டில் மீன் விற்ற சூசைமேரிக்கு வாய் நீளம். கூடையில் இருப்பது நேற்றைய மீனா என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், கேட்டவரின் ஏழு தலைமுறையையும் இழுத்துவிடுவாள். தபசு கால வெள்ளிக்கிழமைகளில் வேதக்காரர்கள் கறி தொடமாட்டார்கள் என்பதால், அவள் வஞ்சிரத்துக்குச் சொல்வதுதான் விலை. பேரம் பேசியவர்கள் வெறும் பையோடுதான் வீடு திரும்புவார்கள்.

அப்படிப்பட்டவள் பெரிய வெள்ளிக்கிழமை மட்டும் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, வெள்ளைச் சேலை கட்டி, வாயே திறக்காமல் உப்பளத்துக் கோயிலுக்குப் போவாள். அந்தக் காலத்துப் பெரிய வெள்ளி இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. கோயில் மணி ஓய்ந்துபோய் மரக்கட்டை தட்டும் சத்தம் மட்டும் தெருவில் கேட்கும். சிலுவை சுமக்கும் சேசுநாதர் சுரூபத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு, சிலுவைப்பாதையின் பதினாலு ஸ்தலங்களிலும் நின்று நின்று ஆண்கள் போவார்கள். ஆறாம் ஸ்தலத்தில் சுரூபத்தை இறக்குவார்கள். கூட்டத்திலிருந்து ஒரு பெண் வெள்ளைத் துணியோடு வந்து சேசுநாதரின் முகத்தைத் துடைப்பாள். சிலுவை சுமந்து போனவரின் முகத்தை அன்றைக்குத் துடைத்துவிட்ட வெரோணிக்கம்மாள் செய்ததை அவள் செய்கிறாள் என்று பொருள். ஐம்பத்தைந்தாம் வருஷத்திலிருந்து அந்தப் பெண் சூசைமேரிதான்.

சும்மா வந்த பதவி இல்லை அது. பிரஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா என்னும் சிப்பாயாகச் சேர்ந்து சைகோனுக்குக் கப்பலேறிய அவள் புருஷன் யூஜின், பிரஞ்சுக் கொடி இங்கே இறங்கிய அதே வருஷம் அங்கே ஆஸ்பத்திரியில் செத்துப்போனான். ஊரெல்லாம் விடுதலை என்று பட்டாசு வெடித்தபோது அவள் வீட்டில் ஒப்பாரி. உடம்பும் வரவில்லை, மண்ணும் வரவில்லை. சர்க்கார் காகிதத்தில் பெயரும் தேதியும்தான் இருந்தன. பிறகு அவனோடு பட்டாளத்தில் இருந்த உழவர்கரை கன்னியப்பன் ஊர் திரும்பியதும் நேரே அவள் வீட்டுக்கு வந்து ஒரு சேதி சொன்னான். கடைசி நேரத்தில் அந்த ஊர்ப் பெண்பிள்ளை ஒருத்தி தோளில் கிடந்த துணியை நனைத்து யூஜின் முகத்தைத் துடைத்துவிட்டாளாம். அதைக் கேட்ட பிறகுதான் சூசைமேரி சோறு தின்றாள். அந்த வருஷமே கோயில் சாமியாரிடம் போய் ஆறாம் ஸ்தலத்துத் துணியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

ஐம்பத்தொன்பதில் பக்கத்து வீட்டுக்கு எஸ்தர் டீச்சர் குடிவந்தாள். கடலூர்க்காரி, லுத்தரன் சபை. வந்த வாரத்திலேயே இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டார்கள். எஸ்தர் வீட்டில் தலையணை கனத்துக்கு வேதாகமம் இருந்தது. எங்கள் கத்தோலிக்க வீடுகளில் அன்றைக்கு அதெல்லாம் ஏது? பூசை உண்டு, பிரசங்கம் உண்டு, எண்ணெய் பிசுக்கேறிய ஜெபப் புத்தகம் ஒன்று உண்டு. வெரோணிக்கம்மாள் கதையை வருஷாவருஷம் சேசுநாதர் பட்ட பாடுகளோடு சேர்த்துக் கேட்டுக் கேட்டு, அதுவும் சுவிசேஷம்தான் என்று நாங்கள் அத்தனை பேரும் நம்பிக்கொண்டிருந்தோம். சூசைமேரி அதற்கும் ஒருபடி மேலே போய், மார்க்கெட்டில் நாலு பேருக்கு முன்னால் எஸ்தரிடம் பெருமையடித்தாள்.

"நான் புடிக்கிற துணி உங்க வேதத்துலயே இருக்குது எஸ்தரு. சாயங்காலம் எடுத்துப் படி, கேக்கறேன்."

எஸ்தர் ஆசையாகத்தான் தேடினாள். மத்தேயுவில் இல்லை. மாற்குவில் இல்லை. லூக்காவில் அழுதுகொண்டு பின்னால் போன பெண்கள் இருந்தார்கள், துணி இல்லை. யோவானையும் முடித்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "இல்லக்கா. எழுதலயே."

மறுநாள் சூசைமேரி, வாங்க வந்தவர்கள் கேட்ட விலைக்கு மீனைக் கொடுத்தாள். மார்க்கெட்டே பயந்துபோய்விட்டது.

வேலை முடிந்ததும் பங்கு சாமியாரிடம் போனாள். "வெரோணிக்கம்மா வேதத்துல இல்லியாமே சாமி. அப்ப பொய்யா?"

"இல்லதான். அதுக்காவ பொய்யின்னு ஆயிடுமா?" என்றார் சாமியார். "சேசுநாதர் புஸ்தகமா எழுதிக் குடுத்துட்டுப் போனாரு? சீஷருங்ககிட்ட சொன்னாரு, செஞ்சு காட்டினாரு. அவங்க ஊரூராப் போயி வாயால சொன்னாங்க. எழுத்து அப்பறம்தான் வந்துது. எந்தப் புஸ்தகம் வேதம், எது இல்லன்னு பிரிச்சுச் சொன்னதும் திருச்சபைதான். எழுதினதும் வாயால ஒப்படைச்சதும் ஒரே ஊத்துத் தண்ணி."

அவர் அதோடு நிறுத்தியிருந்தால் இவள் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பாள். மனுஷர் நேர்மையானவர், நிறுத்தவில்லை.

"ஆனா இந்தக் கதை அந்தக் கணக்குல வராதும்மா. அப்போஸ்தலருங்க ஒப்படைச்ச விசுவாசம் வேற, ஜனங்க பக்தியில காத்து வச்ச வழக்கம் வேற. இத நம்பித்தான் ஆவணும்னு கட்டாயம் இல்ல. யாரோ சொல்லி, யாரோ கேட்டு, அப்படியே வந்துது. சொன்னவங்கள நம்பினா நம்பலாம். உனக்கு மனசு ஒப்பலன்னா துணிய வேற ஆள்கிட்ட குடுத்துடறேன்."

சூசைமேரி எழுந்து வந்துவிட்டாள். வழியெல்லாம் அவளை அரித்தது வெரோணிக்கம்மாள் இல்லை. யாரோ சொல்லி, யாரோ கேட்டு வந்ததுதானே யூஜின் கதையும்? பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடந்தவளைத் தேற்றக் கன்னியப்பன் கட்டிவிட்ட கதையாக இருந்தால்? அப்படியென்றால் அவள் புருஷன் முகத்தை யாருமே துடைக்கவில்லை. நாதியற்றுத்தான் செத்தான்.

பெரிய வெள்ளிக்கு முந்திய குருத்து ஞாயிறு பூசை முடிந்த கையோடு உழவர்கரைக்கு நடந்தாள். கன்னியப்பன் வாசலில் மல்லாட்டைக் கடலையைக் காயப்போட்டுக்கொண்டிருந்தான்.

"உன் கண்ணால பாத்தியா கன்னியப்பா? இல்ல, எனக்கு ஆறுதலுக்குச் சொன்னியா?"

அவன் முகம் செத்துவிட்டது. "பாக்கல அண்ணி. நான் அப்போ வேற எடத்துல இருந்தேன்."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஆஸ்பத்திரியில யூஜினுக்குப் பக்கத்துப் படுக்கையில காரைக்கால்காரன் ஒருத்தன் கெடந்தான்" என்றான் கன்னியப்பன். "அவன் பாத்திருக்கான். நான் போனப்போ அவனுக்கே மூச்சு இழுத்துக்கிட்டு இருந்துது. பேச வேணாம்டான்னேன், கேக்கல. 'யூஜின் பொண்டாட்டிகிட்ட சொல்லிடு, மூஞ்சிய ஒருத்தி தொடச்சுவுட்டா, தனியாச் சாவலன்னு சொல்லிடு'ன்னான். தன் வூட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பல அண்ணி. இத மட்டும் சொன்னான், போயிட்டான். நான் பாத்தேன்னு சொன்னாத்தான் நீ நம்புவேன்னு மாத்திச் சொல்லிட்டேன். அது என் தப்பு."

சூசைமேரிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. முகம் தெரியாத அந்தக் காரைக்கால்காரனுக்காக அழுதாள். அவனைப் பெற்றவளுக்குச் சேர வேண்டிய மூச்சையல்லவா அவன் இவளுக்காகச் செலவழித்திருக்கிறான்.

பெரிய வெள்ளிக்கிழமை சுரூபம் ஆறாம் ஸ்தலத்தில் இறங்கியபோது துணியோடு சூசைமேரிதான் வந்தாள். நெற்றி, கன்னம், தாடி என்று அவசரமில்லாமல் துடைத்தாள்.

கோயிலுக்கு வெளியே எஸ்தர் காத்திருந்தாள். தான் படித்துச் சொன்னதால்தான் இவ்வளவும் என்ற குறுகுறுப்பு அவளுக்கு. "அது எழுதலயேன்னு உங்களுக்கு வருத்தம் இல்லியாக்கா?" என்று மெல்லக் கேட்டாள்.

"எழுதலதான் எஸ்தரு" என்றாள் சூசைமேரி. "எம் புருஷன் மூஞ்சியத் தொடச்சதும் எங்கயும் எழுதல. ஆனா சாவற நேரத்துல ஒருத்தன் அத எனக்குன்னு சொல்லி அனுப்பியிருக்கான். நான் வாங்கிக்க மாட்டேன்னா, அவன் அத யார்கிட்ட குடுப்பான்?"