மாமா கட்டிய கூண்டு

என் மாமாவுக்குக் கம்பி கட்டும் வேலை. பாபநாசம் பக்கம் யார் வீட்டுக்குத் தளம் போட்டாலும் கம்பிகளைக் கட்டுக்கம்பியால் முறுக்கி நிறுத்துவது அவர்தான். அதனால் உலகத்தில் தன்னால் கட்ட முடியாதது எதுவும் இல்லை என்பது அவருடைய நினைப்பு.

அப்போது எனக்கு ஏழு வயது. குவைத்தில் ஒரு வீட்டில் குழந்தை பார்க்கும் வேலையில் இருந்த அம்மா, இரண்டு மாத லீவில் வந்திருந்தாள். திரும்பிப்போக ஒரு வாரம்தான் பாக்கி. எங்கள் ஓட்டு வீட்டுப் பரணுக்கு மேலே ஒரு மரநாய் குடிவந்திருந்தது. அது தடதடவென்று ஓடும்போதெல்லாம் நான் அலறிக்கொண்டு அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொள்வேன்.

"நான் போயிட்டா இவ யாரு கழுத்தக் கட்டிக்குவா? அதுக்குள்ள அதப் புடிச்சுக் குடுத்துருடா தம்பி" என்றாள் அம்மா.

மாமா வனத்துறையில் கேட்டுக் கூண்டு வாங்கிவந்தார். உள்ளே வாழைப்பழத்தைக் கட்டி, கூண்டைச் சன்ஷேடு மேல் சும்மா வைத்தார். மரநாய் முன்காலை வைத்ததுமே கூண்டு கவிழ்ந்து, கீழே நிறுத்தியிருந்த அப்பாவின் மொபெட் மேல் விழுந்தது. பழமும் போச்சு, சீட்டும் போச்சு. மரநாய் மட்டும் பத்திரம்.

மாமாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. சுவரில் துளை போட்டு நான்கு கொக்கி இறக்கினார். கூண்டின் நான்கு மூலைகளையும் அதில் கட்டுக்கம்பியால் இறுக்கினார்.

"இனிமே ஆனையே வந்து ஏறுனாலும் அசையாதுக்கா!"

அசையத்தான் இல்லை. மறுநாள் காலையில் மரநாய் உள்ளே உட்கார்ந்திருந்தது. நான் குதித்த குதியில் தெருவே கூடிவிட்டது. ஆனால் கூண்டை இறக்க முடியவில்லை. காலிக் கூண்டுக்குள் கையை விட்டு முறுக்குவது சுலபமாக இருந்ததால், மாமா எல்லா முறுக்கையும் உள்பக்கமே போட்டிருந்தார். குறடு உள்ளே போனால் மரநாயின் பல் வெளியே வந்தது.

வனத்துறையிலிருந்து வந்த அக்கா ஏணியில் ஏறிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"கட்டு நல்லாத்தான் இருக்குங்க. அவுக்கவும் ஒரு வழி வச்சுக் கட்டியிருக்கலாம்."

மாமா என்றைக்கும் இல்லாத அக்கறையோடு குறட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். சாக்கைப் போர்த்தப்போன அந்த அக்கா நிறுத்திவிட்டு, அம்மாவைப் பார்த்துச் சொன்னார்: "மடியில பால் இருக்குங்க. குட்டி மேலதான் எங்கயோ கெடக்கும்."

அம்மா ஏணியருகே போய் அண்ணாந்து கூண்டைப் பார்த்தாள்.

"கதவத் தொறந்து விட்டுருங்க" என்றாள்.

"என்னக்கா, நீதானே..." என்று ஆரம்பித்தார் மாமா.

"தொறக்கச் சொல்றேன்ல!"

மரநாய் பாய்ந்து ஓட்டுக்குள் மறைந்தது. குட்டி வளர்ந்தால் தானே போய்விடும் என்று சொல்லிவிட்டு அந்த அக்காவும் கிளம்பினார். அம்மா அடுப்படிக்குப் போய் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். புகை என்றாள். எங்கள் வீட்டில் அப்போது கேஸ் அடுப்புதான்.

எனக்கோ ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. என் பயத்தைவிட அந்த மரநாயின் குட்டி அம்மாவுக்குப் பெரிதாகப் போய்விட்டதா என்று இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. அவள் ஏர்போர்ட்டுக்குப் போகும் வேனில் ஏறி, ஜன்னல் வழியாகக் கையை நீட்டி "பாப்பா, ஒரு தடவ அம்மாவப் பாருடி" என்று கெஞ்சியபோதும், முகத்தைத் திருப்பிக்கொண்டேதான் நின்றேன்.