மயில் விரட்டும் டப்பா

கீழக்குயில்குடியில் என் மனைவியின் அண்ணன் போட்டிருந்த கடலையில் பாதியை மயில்கள் கொத்தித் தின்றுவிட்டன. மீதியையாவது காப்பாற்றலாம் என்று, நாய் குரைக்கும் சத்தத்தை ஒரு மைக்ரோகன்ட்ரோலர் சிப்பில் ஏற்றி, அதன் கம்பிக்காலிலேயே சின்ன ஸ்பீக்கரை நேராக இணைத்து, பிஸ்கட் டப்பாவில் அடைத்துக் கொண்டுபோனேன். பழங்காநத்தத்தில் என் வீட்டு அறைக்குள் நன்றாகத்தான் குரைத்தது. வெட்டவெளியில் கொசுவாகிவிட்டது. சிப் கொடுக்கிற கரண்ட் ஸ்பீக்கருக்கு யானைப் பசிக்குச் சோளப்பொரி.

"மாப்ள, நாய்க்கு மேலுக்குச் சரியில்லையா?" என்றார் மச்சான்.

அடுத்த வாரம் சிப்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில், சத்தத்தைக் கூட்ட ஒரு ஆம்ப்ளிஃபயர் சேர்த்தேன். இப்போது ஸ்பீக்கர் பேட்டரியின் கரண்டை ஒரேயடியாக இழுக்க, சிப் அணைந்து அணைந்து எழுந்தது. ஒரு 'வவ்' வரும், நின்றுவிடும். மறுபடி ஒரு 'வவ்'. மயில் ஒன்று பக்கத்திலேயே வந்து நின்று வேடிக்கை பார்த்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"இம்புட்டு வயரு எதுக்கு மாப்ள?" என்று மச்சான் ஒரு கம்பை எடுத்து டப்பாவின் தலையில் ஓங்கித் தட்டினார். மயில்கள் அத்தனையும் மலைப்பக்கம் பறந்தன. டப்பாவுக்குள் ஏதோ கழன்று உருண்டது.

"டப்பா அருமையா வேலை செய்யுது மாப்ள. இங்கனயே விட்டுட்டுப் போங்க."

கடலை தப்பித்துவிடும். எனக்குத்தான் இன்னும் மனசு ஆறவில்லை.